பன்னிரண்டாவது ஆள்

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் ஹினே காரை நிறுத்தினாள். டெர்வென்ட் ஆற்றின் மூடுபனி இன்னும் விலகவில்லை. எங்களுக்குக் குளிர்காலமான ஜூலை மாதத்தில் அந்தப் பள்ளத்தாக்கில் பனி விலகுவதற்குள் மதியச் சாப்பாட்டு நேரம் ஆகிவிடும். சாலையோரத்தில், பழைய பால் கேனைப் படுக்கவைத்துச் செய்த தபால் பெட்டி ஒன்று நின்றது. அதன் மேல் வெள்ளை வண்ணத்தில் ‘டக்வெல்’ என்று எழுதியிருந்தது.

“பாத்தியா, மேப்பே கைவிரிச்ச ரோட்டைக் கண்டுபிடிச்சிட்டேன்,” என்று ஹினே ஸ்டீயரிங்கைத் தட்டினாள். “எறங்கு கெரின். என்ன, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?”

நான் இறங்கவில்லை. தகரக் கூரை, பலகைச் சுவர், இடது பக்கம் சரிந்த புகைபோக்கி. அத்தனையும் எனக்குத் தெரிந்தவை. ஆனால் அந்த வீட்டை நான் பார்த்ததே கிடையாது.

மெர்வின் டக்வெல் என்று ஒருவர் உலகத்திலேயே இல்லை. நான்கு மாதங்களுக்கு முன், சிப்பிக்கறி அடைத்த, ஆறிப்போன ஸ்காலப் பை ஒன்றைத் தின்றுகொண்டே, என் சமையலறை மேசையில் உட்கார்ந்து அவரை நான்தான் உண்டாக்கினேன்.

தீவின் தலைநகரான ஹோபார்ட்டில் எங்களுடையது ஒரு சின்ன நிறுவனம். தனியாக வாழும் வயதானவர்களுக்காக ஒரு சிறு பெட்டி செய்கிறோம். பெட்டியில் ஒரே ஒரு பச்சைப் பொத்தான். காலையில் எழுந்து டீக்குத் தண்ணீர் வைக்கும்போது அதை ஒரு தரம் அழுத்த வேண்டும், அவ்வளவுதான். ஒன்பது மணிக்குள் அழுத்தாவிட்டால் எங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் போன் செய்வார். எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்வார், அவரும் இல்லையென்றால் ஆம்புலன்ஸ். பள்ளத்தாக்கு நெடுக முந்நூற்று நாற்பது வீடுகளில் அந்தப் பெட்டி இருக்கிறது.

அந்தப் பெட்டி யாருக்காக, எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது என் வேலை. அதை வடிவமைப்பவள் ஹினே. ரோட்டோருவா என்ற ஊரிலிருந்து வந்து ஏழு வருடமாக எங்களோடு குப்பை கொட்டுகிறாள். இருவருக்கும் மேலே ஃபென்டன். அவன் கெட்டவன் இல்லை, அவசரக்காரன். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அவனுக்கு வேலை பார்த்த எனக்கு எவ்வளவு மட்டு என்பதை இனிமேல் நீங்களே பார்ப்பீர்கள்.

“தினம் காலையில உக்காந்து போன் பண்ண ஆறு பேரு,” என்று அவன் அலுத்துக்கொள்வான். “இதைத் தூக்கிக்கிட்டு கடல் தாண்டி மெயின்லாண்டுக்கு எப்படிப் போறது? பெருசுங்களுக்கே இந்தத் தொல்லை பிடிக்காது கெரின். வேணும்னா போய்க் கேட்டுட்டு வா.”

எங்களுக்கு நிதி தரும் அறக்கட்டளை பன்னிரண்டு பேரின் பேட்டி வேண்டும் என்று சொல்லியிருந்தது. போனேன். பதினோரு வீடுகளில் பதினோரு கோப்பை டீ குடித்தேன். கால் வலி, நாய் வளர்ப்பு, பேசாமல் போன தம்பி, நகராட்சியின் மேல் கோபம் என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். ஆனால் அந்தப் போன் விஷயத்தில் பதினோரு பேரும் ஒரே வாய்: நிறுத்திவிடாதீர்கள். புஷி பார்க் ஊரில், பீருக்குப் போடும் ஹாப்ஸ் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வில்மா பிரிடோ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“இந்த இடுப்பை நம்பி ஒரு நாளும் நான் தைரியமா நடக்கறதில்லை கண்ணு. பொத்தான் அமுங்கலைன்னா போன் போடு. எடுக்கலைன்னா கதவை உடை. கதவு என்ன பெரிய கதவு!”

பன்னிரண்டாவது ஆள் கடைசி நேரத்தில் மகள் வீட்டுக்கு லான்செஸ்டன் போய்விட்டார். மறுநாள் காலை அறிக்கை கொடுக்க வேண்டும். ஃபென்டன் எதிர்பார்க்கும் பதில் என்னிடம் இல்லை, பன்னிரண்டாவது ஆளும் இல்லை. இரண்டு ஓட்டையையும் ஒரே துணியால் அடைத்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பல பேர் சொன்னதைச் சேர்த்து ஒரு ஆளாக எழுதுவோம். பெயர், வயது, முகம் எல்லாம் வைப்போம். பெர்சோனா என்பார்கள். ஆள் கற்பனையாக இருக்கலாம், ஆனால் அவர் வாயில் வரும் ஒவ்வொரு வரியும் யாரோ ஒரு நிஜ மனிதர் சொன்னதாக இருக்க வேண்டும். அந்த ஒரு விதிதான் எங்களையும் ஜோசியக்காரர்களையும் பிரிப்பது. அன்று நான் அதை மீறினேன். மெர்வின் டக்வெல், வயது எழுபத்து நான்கு, மர அறுவை ஆலையில் வேலை பார்த்தவர், மனைவியை இழந்தவர் என்று, நிஜமாகவே பேட்டி கொடுத்த பன்னிரண்டாவது ஆளாக எழுதினேன். வீட்டுக்குள் ஒரு விறகு அடுப்பு, ஒரு வானொலி, ஒரு சாய்வு நாற்காலி, ஒரு கோப்பை என்று நாலே பொருள் வைத்தேன். முகத்தைப் படம் விற்கும் இணையதளம் ஒன்றில் வாங்கினேன். பழுப்பு நிறக் கம்பளிச் சட்டை, சாந்தமான சிரிப்பு. மற்றவர்கள் சொன்னதைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டு, அவர் சொன்னதாகப் பெரிய எழுத்தில் இதைப் போட்டேன்: “நான் பொத்தானை அழுத்தலைன்னா தூங்கறேன்னு அர்த்தம். போன் பண்ணி எழுப்பாதீங்க. நான் யாருக்கும் பாரமா இருக்க விரும்பல.”

அலுவலகமே அவர் மேல் உயிரை விட்டது. நிஜமான பதினோரு பேரும் முன்னுக்குப் பின் முரணாகப் பேசினார்கள், அழுதார்கள், கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நாயைப் பற்றிச் சொன்னார்கள். மெர்வின் அப்படியில்லை, கேட்ட கேள்விக்கு அளந்து பதில் சொன்னார். கூட்ட அறையில் வாடிக்கையாளருக்கென்று ஒரு காலி நாற்காலி போடுவோம். அதில் அவர் படத்தை ஒட்டினார்கள். நான் போகிற போக்கில் எழுதிவைத்த பிறந்தநாளுக்கு ஹினே லாமிங்டன் கேக் வாங்கி அந்த நாற்காலியின் முன் ஒன்றை வைத்தாள். எல்லாரும் சிரித்தோம். எதற்கெடுத்தாலும் “மெர்வினுக்கு இது பிடிக்குமா?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அப்படிக் கேட்டுக் கேட்டே முடிவும் எடுத்தார்கள். வரும் திங்கட்கிழமை முதல் போன் கிடையாது. பொத்தான் அமுங்காவிட்டால் பெட்டியில் ஒரு விளக்கு மெதுவாக மின்னும். மூன்று நாள் தொடர்ந்து அமுங்காவிட்டால்தான் உறவினருக்குச் செய்தி போகும்.

மூன்று நாள். அந்த இரண்டு சொல்லைக் கேட்டபோதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். வேலை போய்விடும் என்ற பயத்தில் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அறக்கட்டளைக்காரர்களுக்கும் மெர்வினைப் பிடித்துவிட்டது. அவரை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள். உடம்பு சரியில்லை என்று நான் ஏதோ சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன்.

“உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு,” என்றாள் ஹினே. “உன் லிஸ்ட்ல இருந்த நம்பருக்கு நானே போட்டேன். வழி சொல்லி, வியாழன் பத்து மணிக்கு வரச் சொன்னார். முன்கதவு ஈரத்துல ஊதிப்போய்த் திறக்காதாம், பக்கக் கதவு வழியா வரணுமாம்.”

அந்த நம்பரை நான் கண்ணை மூடிக்கொண்டு தட்டியிருந்தேன். முன்கதவு ஊதிப்போயிருக்கும் என்பது அன்று சமையலறையில் என் மனதில் ஓடியதுதான். ஆனால் அதை நான் எங்கேயும் எழுதவில்லை.

 அதை ஹினேவிடம் சொல்லாமல்தான் இந்தக் காரில் ஏறினேன்.

பக்கக் கதவு திறந்தே இருந்தது.

“உள்ள வாங்க,” என்றது ஒரு குரல்.

உள்ளே குளிர் வெளியை விட அதிகமாக இருந்தது. தனியாக வாழும் ஆண்களின் வீட்டுக்கு ஒரு வாசனை உண்டு. ஈரக் கம்பளி, பழைய எண்ணெய், நாய், தைலம். இங்கே எதுவும் இல்லை. அந்த வீட்டில் யாரும் ஒரு நாளும் எதையும் சமைத்ததில்லை, தும்மியதில்லை, அழுததில்லை என்று மூக்கே சொன்னது. ஒரு விறகு அடுப்பு. ஒரு வானொலி. ஒரு சாய்வு நாற்காலி. ஒரு கோப்பை. நான் எழுதிய நான்கும் இருந்தன. எழுதாதது ஒன்றும் இல்லை. திரைச்சீலை இல்லை, காலண்டர் இல்லை, சுவரில் ஒரு ஆணி கூட இல்லை. வானொலிக்கு ஒயர் இல்லை.

“ஆம்பளை ஒத்தையா இருந்தா இப்படித்தான்,” என்று ஹினே என் காதோரம் முணுமுணுத்தாள்.

அவர் சாய்வு நாற்காலியில் பழுப்பு நிறக் கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். நான் வாங்கிய அதே முகம். அதே சிரிப்பு. படத்தில் இருந்ததுபோல இடது கன்னத்தில் வெளிச்சம் விழுந்திருந்தது.

ஜன்னல் அவருக்கு வலது பக்கம் இருந்தது.

ஹினே போய் அவர் கையைக் குலுக்கினாள். பிறகு போனைச் சின்ன முக்காலியில் பொருத்திப் பேட்டியைத் தொடங்கினாள். எத்தனை வருடமாகத் தனியாக இருக்கிறீர்கள்? ஆலையில் என்ன வேலை? காலையில் எத்தனை மணிக்கு எழுவீர்கள்? ஒவ்வொன்றுக்கும் அவர் சொன்ன பதில் நான் எழுதியதுதான். சொல்லுக்குச் சொல், கமாவுக்குக் கமா. நான் தவறாக அடித்திருந்த ஒரு எண்ணைக்கூட அப்படியே சொன்னார். ஹினேவுக்கு வாயெல்லாம் பல்.

“காலையில நாங்க போன் பண்றது உங்களுக்கு எப்படி இருக்கு?”

“நான் பொத்தானை அழுத்தலைன்னா தூங்கறேன்னு அர்த்தம். போன் பண்ணி எழுப்பாதீங்க. நான் யாருக்கும் பாரமா இருக்க விரும்பல.”

“எவ்வளவு அழகாச் சொல்றீங்க!” ஹினே உருகிப்போனாள். பேட்டி முடியும் நேரத்தில், மரியாதைக்காகக் கேட்பதுபோல ஒரு கேள்வி கேட்டாள். “உங்க மனைவி பேர் என்ன?”



அவர் வாய் திறந்தது. சொல் வரவில்லை. வாய் மூடியது. மறுபடி திறந்தது. சிரிப்பு மட்டும் மாறவே இல்லை.

பிறகு அவர் கண்கள் மெல்ல மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தன. பள்ளிக்கூடத்தில் பதில் தெரியாத பிள்ளை பக்கத்துப் பிள்ளையைப் பார்ப்பதுபோல.

மனைவியை இழந்தவர் என்று மட்டும்தான் நான் எழுதியிருந்தேன். அவளுக்குப் பெயர் வைக்கவில்லை.

“மன்னிச்சிக்குங்க,” என்றாள் ஹினே, குரல் தழுதழுத்தது. “நான் கேட்டிருக்கக் கூடாது. இருங்க, கார்ல இருந்து சார்ஜர் எடுத்துட்டு வந்துடறேன், போன் சாகப்போகுது.”

அவள் போனை எடுத்துக்கொண்டு போனாள். பக்கக் கதவு சாத்திக்கொண்டது. பனிக்குள் அவள் காலடி ஓசை நான்கு எட்டுக்குக் கேட்டது. அதற்கப்புறம் கேட்கவில்லை.

அறையில் நானும் அவரும்.

“நீதான எழுதின?” என்றார். இப்போது குரல் வேறு, கரகரப்பாக, யாரோ நீண்ட நேரம் கத்திக் கத்தித் தொண்டை போனவர் குரல்.

நான் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன்.

“மிச்சத்தையும் சொல்லு. பொத்தானை அழுத்தாத அன்னிக்கு எனக்கு என்ன ஆச்சு?”

“தூங்கறீங்க,” என்றேன். “நீங்க... தூங்கறீங்க.”

“நான் தூங்கல.”

சிரிப்பு அப்படியே இருந்தது.

“நான் தூங்கலம்மா.”

அவர் ஒரு விரலைத் தூக்கி என் பின்னால் காட்டினார். அங்கே ஒரு கதவு இருந்தது. உள்ளே நுழைந்தபோது அங்கே கதவு இல்லை என்று சத்தியம் செய்வேன். சமையலறை என்று ஒன்றை நான் எழுதவே இல்லை. கால்கள் தாமாகப் போயின. கை தானாகக் கதவைத் தள்ளியது.

அந்தப் பக்கம் சுவர் இல்லை. கூரை இல்லை. லினோலியம் விரித்த தரை மட்டும் கொஞ்ச தூரம் போய் மூடுபனிக்குள் மறைந்தது. அந்தத் தரையில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒருக்களித்தபடி ஒருவர் கிடந்தார்.

பழுப்பு நிறக் கம்பளிச் சட்டை.

திரும்பிப் பார்த்தேன். சாய்வு நாற்காலி காலி.

தரையில் கிடந்தவர் பேசினார், முகத்தைத் திருப்பாமல்.

“மூணு நாளாக் கிடக்கேன். ஒருத்தரும் போன் பண்ணல.”

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

“வேண்டாம்னு நானே சொன்னேனாம்.”

“கெரின்! யார்கிட்ட பேசிட்டிருக்க?”

ஹினே வாசலில் நின்றாள். நான் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன். சாய்வு நாற்காலியில் மெர்வின் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். ஹினே மறுபடி போனைப் பொருத்தி, அவரைக் கடைசியாக ஒரு தரம் அந்த வரியைச் சொல்லச் சொன்னாள். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே அதைச் சொன்னார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை ஃபென்டனின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். பன்னிரண்டாவது பேட்டி பொய், மெர்வின் என்று ஒருவர் இல்லை, போனை நிறுத்தாதே, நிஜமான பதினோரு பேரும் அதற்கு நேர் எதிராகச் சொன்னார்கள் என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் நான்தான் என்று என் வாயாலேயே சொன்னேன். இவ்வளவு நாள் பயந்த அந்த வார்த்தைகள் வெளியே வந்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது. இனி என் வேலை போனால் போகட்டும், அந்த முந்நூற்று நாற்பது பேரும் பிழைப்பார்கள் என்று நினைத்தேன்.

ஃபென்டன் என்னை விநோதமாகப் பார்த்தான். ஹினேவைக் கூப்பிட்டான். கணினியை என் பக்கம் திருப்பினான்.

மெர்வின் திரையில் சிரித்தார். எழுப்பாதீங்க என்றார். பாரமா இருக்க விரும்பல என்றார்.

“ஆளே இல்லைங்கற,” என்றான் ஃபென்டன். “இதோ, ஆளு பேசறாரு.”

“ஃபென்டன், அது ஆளு இல்ல.”

“பின்ன யாரு, கங்காருவா?”

“நான் அவர் கையைப் பிடிச்சுக் குலுக்கினேன் கெரின்,” என்றாள் ஹினே. அவள் கண் கலங்கியிருந்தது. அவளுக்கு என் மேல் உண்மையிலேயே கவலை. “ஐஸ்கட்டி மாதிரி ஜில்லுன்னு இருந்துச்சு. ஆனா கை இருந்துச்சு.”

“சரி, இப்பவே மூணு பேரும் போவோம். வீடு அங்க இருக்கான்னு பாருங்க,” என்றேன்.

“திங்கக்கெழமை புதுசு ஆரம்பிக்குது, இன்னிக்கு நான் பேய் வேட்டைக்கு வரணுமா?” ஃபென்டன் எழுந்து என் தோளைத் தட்டினான். “ரெண்டு வாரம் லீவு எடு. சம்பளத்தோடதான். நீ தேய்ஞ்சு போயிட்ட. இந்த வேலையில மனுஷங்க மேல அவ்வளவு அக்கறை வச்சா இப்படித்தான் ஆகும்.”

அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. நான் சொன்ன பொய்யை எல்லாரும் நம்பினார்கள். உண்மையைச் சொன்னபோது அந்தப் பொய்யே எழுந்து வந்து எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

சனிக்கிழமை நானே அங்கே போனேன். ரோடு திரும்பும் இடத்தில் ஆள் உயரத்துக்கு முட்புதர் மண்டிக் கிடந்தது. அதற்குள் ரோடும் இல்லை, பால் கேனும் இல்லை. படம் எடுத்து ஃபென்டனுக்கு அனுப்பினேன். ‘தப்பான திருப்பத்தில் போயிருக்கிறாய். வீட்டுக்குப் போய்த் தூங்கு’ என்று பதில் வந்தது.

திங்கட்கிழமை, ஆறு பேர் உட்கார்ந்து போன் செய்த மேசையை மூடினார்கள். அலுவலகக் கணினிக்குள் என்னால் நுழைய முடியவில்லை. முந்நூற்று நாற்பது பேரில், நான் பேட்டி எடுத்த பதினோரு பேரின் எண்கள் மட்டும்தான் என் நோட்டில் இருந்தன. காலை ஒன்பது அடித்ததும் என் சமையலறை மேசையிலிருந்து வரிசையாகப் பதினோரு பேருக்கும் போன் செய்தேன். திங்கள் அன்று எல்லாரும் எடுத்தார்கள். செவ்வாயும் எடுத்தார்கள். “உனக்கு வேற வேலை வெட்டி இல்லையா கண்ணு?” என்று வில்மா கேலி செய்தாள். ஆனால் அவள் குரலில் சந்தோஷம் இருந்தது.

புதன்கிழமை வில்மாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

மறுபடி போட்டேன். மறுபடி.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு நானும் காரை எடுத்தேன். பனிக்குள் ஆற்றோரமாகப் போகும்போது முன்னால் போகும் லாரியின் விளக்குகூடத் தெரியவில்லை. ஹார்ன் அடித்துக்கொண்டே போனேன். வாயில் வந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன், ஃபென்டனையும் நன்றாகத் திட்டினேன், அவனை விட அதிகமாக என்னைத் திட்டிக்கொண்டேன்.

புஷி பார்க்கில் வில்மாவின் பின்கதவு பூட்டியிருந்தது. ஜன்னல் வழியே பார்த்தேன். டீக் கெட்டிலுக்குப் பக்கத்தில் எங்கள் பெட்டி. அதன் விளக்கு மெதுவாக, யாரையும் தொந்தரவு செய்யாமல், மின்னிக்கொண்டிருந்தது. விறகுக் கட்டை ஒன்றை எடுத்துக் கதவின் கண்ணாடியை உடைத்துக் கையை உள்ளே விட்டேன்.

அவள் சமையலறைத் தரையில் ஒருக்களித்துக் கிடந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஒரு கால் இருக்கக் கூடாத திசையில் மடங்கியிருந்தது. செவ்வாய் மதியம் விழுந்திருக்கிறாள். எங்கள் பெட்டியை நம்பியிருந்தால் அவளைப் பற்றிய செய்தி வெள்ளிக்கிழமைதான் யாருக்காவது போயிருக்கும்.

“வில்மா!”

கண் திறந்தது.

“வந்துட்டியா கண்ணு. போன் அடிச்சுது, எடுக்கத்தான் முடியல.” பேச்சு குழறியது. நான் என் மேல்கோட்டைக் கழற்றி அவள் மேல் போர்த்தினேன். அவள் அதைத் தள்ளினாள். “எனக்கு வேணாம். முதல்ல இவருக்குப் போர்த்து.”

“யாருக்கு?”

“இவருக்குத்தான்.” அவள் தலையை லேசாகத் திருப்பித் தன் முதுகுக்குப் பின்னால் காட்டினாள். அங்கே வெறும் தரை. “முதல்ல இவரைத் தூக்கச் சொல்லு. என்னைவிட ரொம்ப நாளாக் கிடக்கார்.”

நான் அந்த வெறும் தரையையே பார்த்தேன்.

“ராத்திரி பூரா என்னைத் தூங்கவே விடல,” என்றாள். “கண்ணை மூடினா முதுகுல தட்டறார். தூங்கலைன்னு சொல்லு, தூங்கலைன்னு சொல்லுன்னு ஒரே நச்சரிப்பு. நல்ல மனுஷன்தான். ஏதாவது கேட்டாத்தான் பாவம், பதிலே வரல.”

அதற்குள் ஆம்புலன்ஸ்காரர்கள் வந்துவிட்டார்கள். அவளை ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போதும் “அவரை விட்டுட்டுப் போறீங்களே” என்று அவர்களைத் திட்டிக்கொண்டே இருந்தாள். குளிர் ஏறினால் அப்படித்தான் பேசுவார்கள் என்று ஒருவர் எனக்கு ஆறுதல் சொன்னார்.

வில்மா பிழைத்துக்கொண்டாள். புது இடுப்போடு இப்போதும் எல்லாரையும் கேலி செய்துகொண்டிருக்கிறாள். ஃபென்டன் மருத்துவமனைக்கு வந்து அவள் கட்டிலோரம் ஒரு மணி நேரம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். வியாழக்கிழமை காலையிலேயே போன் மேசை திறந்தது. ஆறு பேர் போதாது என்று எட்டுப் பேர் ஆனார்கள். வீடியோவைத் தேடிப் பார்த்தபோது அதில் ஹினேவின் குரல் மட்டும் இருந்தது, காலியான ஒரு நாற்காலியிடம் கேள்வி கேட்டுக்கொண்டு. என் வேலை போனது. போக வேண்டியதுதான்.

இதையெல்லாம் ஊரில் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். அந்தப் புதன்கிழமை, ஆம்புலன்ஸ் போன பிறகு நடந்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஆம்புலன்ஸின் சைரன் ஓசை ஆற்றோரமாகத் தேய்ந்து மறைந்தது. வில்மாவின் சமையலறையில் நான் மட்டும் நின்றேன். உடைந்த கண்ணாடி வழியாக மூடுபனி உள்ளே வந்துகொண்டிருந்தது. ஓடிவிட வேண்டும் போலிருந்தது. ஆனால் ஒரு மனிதரை இரண்டாவது தடவையும் தரையில் விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

மண்டியிட்டேன். தரையைத் தொட்டேன். லினோலியம் பனிக்கட்டியாக இருந்தது. வில்மா கிடந்த இடம்கூடக் குளிர்ந்துவிட்டிருந்தது. கையை மெல்ல நகர்த்தி, அவள் முதுகுக்குப் பின்னால் காட்டிய இடத்தில் வைத்தேன்.

சூடாக இருந்தது.

ஒரு தோள் அகலம். அங்கிருந்து கீழே இடுப்பு. மடங்கிய முழங்கால்.

“மெர்வின்,” என்றேன். “வந்துட்டேன். எழுந்திருங்க.”

இரண்டு கையையும் நீட்டினேன். பிடித்துத் தூக்க எதுவுமே அகப்படவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ தெரியாது. பிறகு என் உள்ளங்கைகளுக்கு அடியில் அந்தச் சூடு மெல்ல அசைந்தது. சுவரை ஒட்டிக் கொஞ்சம் தள்ளிப் போனது. தள்ளிப்போய், என் பக்கமாக இன்னொருவர் படுக்கும் அளவுக்கு இடம் விட்டது.